ஸ்லோ நிற்காத லொறி: வக்கியூம் லைன்களை அறிகுறி பார்த்துத் தேடுவது

போன மாரியில் உரும்பிராய்ப் பக்கமிருந்து ஒரு அண்ணை தன் பழைய லைட்ஏஸ் லொறியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நிறுத்தினார் என்பதும் சரியில்லை, அது தானாகவே நின்றது. "சந்தியில பிரேக் பிடிச்சா நிண்டுடுது தம்பி. கிளட்சுக்கு ஒண்டு, பிரேக்குக்கு ஒண்டு, அக்ஸிலேட்டருக்கு ஒண்டு எண்டு எனக்கென்ன மூண்டு காலே?" என்றார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். ஒரு இடத்தில் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் கிட் மாற்றினார்கள். அடுத்த இடத்தில் புளக், பொயின்ற் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். லொறி மட்டும் மாறவில்லை.

சீற்றைத் தூக்கி, காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கையால் மெல்ல வளைத்துப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மனிபோல்ட் குழாயில், ஹோஸ் மாட்டும் நிப்பிளில் இருந்து ஒரு விரல் தள்ளி, அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வளைத்தால் மீன் வாயைத் திறப்பதுபோல் திறந்தது. எஞ்சின் ஓடும்போது அந்த வாயில் விரலை வைத்தேன். தடுமாறிக்கொண்டிருந்த ஸ்லோ, அதாவது அக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் மெல்ல ஓடும் ஓட்டம், அந்த நொடியே சீரானது. அண்ணை என் விரலையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார்.

எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் இந்த ஹோஸ்கள்தான் வக்கியூம் லைன்கள். அவற்றின் பிரச்சினைகள் பெரும்பாலும் இப்படித்தான். அரை அடி ஹோஸ் வெடித்திருக்கும், ஆனால் முதல் அடி விழுவது காபரேட்டருக்கு. அதனால் அறிகுறியில் இருந்து தொடங்கி எந்த லைனைப் பார்ப்பது என்று எழுதுகிறேன். நான் அதிகம் புழங்கியது லைட்ஏஸ், டவுன்ஏஸ் லொறிகளில் வரும் டொயோட்டா 5கே எஞ்சின்: 1486 சிசி, நாலு சிலிண்டர், காபரேட்டர். மற்றக் காபரேட்டர் லொறிகளிலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். டீசலுக்குக் கணக்கு வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இந்த இழுவை எங்கிருந்து வருகிறது

பெற்றோல் எஞ்சின் காற்றை இழுக்கிறது. அக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது காபரேட்டரின் த்ரொட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று வர வழியில்லை. அதனால் தட்டுக்குக் கீழே, மனிபோல்ட்டுக்குள், பலத்த உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சலை மெல்லிய ஹோஸ்களால் எடுத்துப் பல சின்ன வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்: பிரேக் பூஸ்டர், தீப்பொறியை முன்னதாக அடிக்கச் செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ், எஞ்சினின் ஆவியைத் திரும்ப இழுக்கும் பிசிவி வால்வு, குளிர் எஞ்சினுக்குக் காற்றை மறிக்கும் சோக்கைத் திறக்கும் டயப்பிரம் என்ற சவ்வு, பெற்றோல் ஆவியைச் சேர்க்கும் கரி டப்பா என்று.

இதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் காபரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றுக்குப் பெற்றோல் சேர்வதில்லை, கலவை மெலிந்துவிடும். ஸ்லோவில் எஞ்சின் கொஞ்சக் காற்றைத்தான் குடிக்கிறது, அதனால் கள்ளக் காற்றின் பங்கு பெரிது. காலை அமர்த்தித் தட்டு திறந்ததும் முறையான காற்று நிறைய வரும், உறிஞ்சலும் குறையும், ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும்.

அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ரேஸ் பண்ணினால் வருத்தம் குறையுதா, கூடுதா? குறைந்தால் காற்றைத் தேடுங்கள். கூடினால் பெற்றோலையோ கரண்டையோ தேடுங்கள்.

இன்னொன்று. இந்த லொறிகளில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சூடு வெளியேற வழி குறைவு, ரப்பர் சீக்கிரம் காய்ந்து கல்லாகிவிடும். ஓடும் எஞ்சினில் கைவைக்கப் போகிறீர்கள், ஆகவே ஹாண்ட் பிரேக்கை இழுத்து, ரயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சாரத்தோடு ஃபான் பெல்ட்டுக்கு மேல் குனிய வேண்டாம். எந்த ஹோஸையும் கழற்றமுன் போனில் நாலைந்து படம் எடுத்து வையுங்கள். உள்ளே எங்காவது லைன்கள் போகும் வழியைக் காட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதையும் எடுங்கள். யப்பான் எழுத்து புரியாவிட்டாலும் கோடுகள் புரியும்.

ஸ்லோ நிற்குதில்லை, அல்லது ஏறி ஏறி இறங்குது

அதிகம் வரும் முறைப்பாடு இது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சோக் முழுவதும் திறந்தபின் ஸ்லோவில் ஓடவிடுங்கள். ஒரு குறடு, அதன் வாயில் சுற்ற ஒரு பழைய துணி போதும். மனிபோல்ட்டில் இருந்து புறப்படும் லைன்களை ஒவ்வொன்றாக, நிப்பிளுக்குக் கிட்டவாக நசித்துப் பிடியுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். எதை நசிக்கும்போது எஞ்சின் தன் குரலை மாற்றுகிறதோ, அந்த லைனில்தான் காற்றுப் போகிறது.

ஆனால் எந்த லைன் இயல்பாகவே குரலை மாற்றும் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். பிசிவி ஹோஸை நசித்தால் ஸ்லோ கொஞ்சம் இறங்குவது நல்லது, அந்த வால்வு வழியாகக் கொஞ்சக் காற்று எப்போதும் போகத்தான் வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸை நசித்தால் ஒன்றும் மாறக்கூடாது, மாறினால் ஹோஸ் அல்லது பூஸ்டர் குற்றவாளி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய லைன் பெரும்பாலும் த்ரொட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருந்து வருகிறது. ஸ்லோவில் அதில் உறிஞ்சலே இருக்காது, நசித்தாலும் மாற்றம் தெரியாது. மாற்றம் தெரிந்தால் யாரோ அதைத் தவறான நிப்பிளில் செருகியிருக்கிறார்கள். இதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

கல்லான ரப்பரைக் குறட்டால் நசித்தால் அப்போதே வெடிக்கும். வெடித்தால் கவலைப்படாதீர்கள், அது நாளைக்கு ஆனையிறவில் வெடிக்க இருந்தது.

எந்த லைனிலும் மாற்றமில்லையா? அப்போது இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கஸ்கட்டுகள். காபரேட்டரின் அடியில் சூடு தடுக்கும் கட்டை ஒன்று இருக்கும், அதற்கு மேலும் கீழும் கஸ்கட். அதைவிட மனிபோல்ட் எஞ்சினோடு சேரும் இடம். ஒரு பெரிய சிறிஞ்சில் தண்ணீர் எடுத்து, அந்த இணைப்புகளின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் படும்போது அது ஒரு கணம் அடைபடும், எஞ்சின் சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் புளக் வயர் பக்கமும் தண்ணீர் போகாமல் பாருங்கள். சிலர் காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸோஸ்ட் மனிபோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும் சரக்கு. இந்த எஞ்சினில் இரண்டு மனிபோல்ட்டும் ஒரே பக்கம். நான் செய்யமாட்டேன். ஊதுபத்திப் புகை எங்கே இழுபடுகிறது என்று பார்க்கும் வித்தையும் உண்டு. காபரேட்டருக்குப் பக்கத்தில் கங்கு வேண்டாம்.

மனிபோல்ட் கஸ்கட் ஒரு சிலிண்டர் பக்கம் மட்டும் போயிருந்தால் அந்த ஒரு சிலிண்டர் மாத்திரம் ஸ்லோவில் மிஸ் அடிக்கும். புளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று மண்ணிறமாகவும் ஒன்று சுண்ணாம்பு பூசினதுபோலவும் இருக்கும். வெள்ளைப் புளக் எந்தச் சிலிண்டரோ, அதற்குப் போகும் மனிபோல்ட் வழியின் இணைப்பைப் பாருங்கள்.

வக்கியூம் இல்லாமலே வக்கியூம் போல வேஷம் போடும் ஒன்றும் இருக்கிறது: காபரேட்டரில் கரண்டால் திறந்து மூடும் பெற்றோல் வால்வு, ஃபியூல் கட் சொலனாயிட். சாவியைப் போட்டு அதன் வயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், ஹோஸ் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்லோவுக்கான பெற்றோல் வழியே மூடிக் கிடக்கிறது.

மீட்டர் இருந்தால்

வக்கியூம் மீட்டர் விலை கூடிய சாமான் இல்லை. மனிபோல்ட் லைன் ஒன்றில் ரி மூட்டுப் போட்டு மாட்டுங்கள். நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17க்கும் 21க்கும் இடையில், இரச அங்குலக் கணக்கில், முள் ஆடாமல் நிற்கும். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தோடு கிடக்கும் ஊர், அதனால் புத்தகத்தில் உள்ள எண் அப்படியே பொருந்தும். ஆயிரம் அடி ஏற ஒரு அங்குலம் அளவில் குறையும். கிழங்கு ஏற்ற நுவரெலியா போகிறவர்கள் அங்கே ஆறாயிரம் அடியில் மீட்டரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

முள் ஆடாமல், ஆனால் 12, 14 என்று தாழ்ந்து நின்றால் ரைமிங், அதாவது தீப்பொறி அடிக்கும் நேரம், பின்னுக்கு இருக்கலாம், அல்லது கசிவு. 5க்கும் கீழே என்றால் காபரேட்டர் அடியிலோ மனிபோல்ட்டிலோ பெரிய ஓட்டை. ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் அது எஞ்சின் வால்வின் கதை, ஹோஸ்களை விட்டுவிடுங்கள்.

பிரேக் பெடல் கல்லுப்போல இருக்கு

இதை மட்டும் நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். வெங்காயம் ஏற்றிய லொறியோடு சுன்னாகம் சந்தைக் கூட்டத்துக்குள் போகும்போது பூஸ்டர் இல்லாவிட்டால், பிரேக் இருக்கும், ஆனால் அதைப் பிடிக்க இரண்டு ஆளின் கால் பலம் வேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை அமர்த்துங்கள், சேமித்த வக்கியூம் தீர்ந்துவிடும். பிறகு பெடலை அமர்த்தியபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்தது, ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மெல்ல மெல்ல மூன்று தடவை அமர்த்துங்கள். முதல் தடவை ஆழமாகவும் அடுத்தடுத்து உயரமாகவும் நிற்க வேண்டும். முதலே உயரத்தில் நின்றால் வக்கியூம் தங்கவில்லை. கடைசியாக, ஓடும்போது பெடலை அமர்த்திப் பிடித்தபடி எஞ்சினை நிறுத்தி, 30 செக்கன் அப்படியே வைத்திருங்கள். பெடல் உயரம் மாறக்கூடாது. மாறினால் பூஸ்டருக்குள் கசிவு.

பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். காற்று பூஸ்டரில் இருந்து எஞ்சின் பக்கம் மட்டும் போக வேண்டும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் போகவேண்டும், எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் அடைக்க வேண்டும். அதில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் பூஸ்டருக்கு வக்கியூமே போகாது. புதுப் பூஸ்டர் வாங்கச் சொன்ன இடத்தில், மாறி மாட்டியிருந்த இந்த வால்வைச் சரியான பக்கம் மாட்டிக் காசை மிச்சம்பிடித்துக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பிரேக் ஒயில் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே எங்கும் கசிவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை என்றால், பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய், ஒயில் பூஸ்டருக்குள் இறங்கி, அந்த ஹோஸ் வழியாகவே எஞ்சினுக்குள் போகிறது. ஹோஸைக் கழற்றினால் உட்புறம் ஈரமாக இருக்கும்.

இழுவை இல்லை, பெற்றோல் குடிக்குது

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டையான டப்பாவைப் பாருங்கள். அதற்குள் ஒரு ரப்பர் டயப்பிரம். அளவாக அக்ஸிலேட்டர் கொடுத்து ஓடும்போது வக்கியூம் அதை இழுத்து, தீப்பொறியை முன்னதாக அடிக்கச் செய்கிறது. டயப்பிரம் கிழிந்தால் லொறி ஓடும், ஆனால் சோம்பலாக ஓடும். ஏ9 வீதியில் மட்டமாகப் போகும்போதே பெற்றோல் கூடுதலாகப் போகும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் கப்பைக் கழற்றி, அந்த லைனின் காபரேட்டர் பக்க நுனியை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு அசைய வேண்டும். நுனியை நாக்கால் அடைத்தால் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், தட்டும் திரும்பக்கூடாது. காற்றுச் சும்மா வந்துகொண்டே இருந்தால் டயப்பிரம் போய்விட்டது, டப்பாவை மாற்றுவதுதான். உறிஞ்சமுன் நுனியைத் துடையுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, நான் ஒருதரம் துடைக்காமல் உறிஞ்சினேன்.

ரைமிங் பார்க்கும்போது இந்த லைனை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, காபரேட்டரில் இருந்து வரும் அந்த நுனியைச் சின்ன போல்ட் ஒன்றால் அடைக்க வேண்டும். பார்த்து முடிந்ததும் போல்ட்டை எடுத்துத் திரும்ப மாட்ட மறக்கிறவர்கள் பலர். போல்ட்டோடு வந்த லொறிகளும் பார்த்திருக்கிறேன்.

கால் எடுத்தால் சைலன்சர் படபடக்குது

மெலிந்த கலவை சரியாக எரியாமல் சைலன்சருக்குள் போய் வெடிக்கிறது. எக்ஸோஸ்ட் இணைப்பில் கசிவு இல்லை என்று உறுதியானால், ஸ்லோவுக்குச் சொன்ன தேடலையே செய்யுங்கள்.

எயார் கிளீனருக்குள் ஒயில்

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கிலுகிலுவென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கரி அடைத்துவிட்டது. எஞ்சினின் ஆவி போக வழியின்றி ஒயிலோடு எயார் கிளீனர் பக்கம் ஏறுகிறது, சீல்களையும் தள்ளிக் கசியவைக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்க்கலாம், மாற்றுவது நல்லது.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் கறுப்புப் புகை கக்கித் திணறினால், சோக்கைச் சற்றுத் திறந்துவிடும் டயப்பிரமின் லைனைப் பாருங்கள். எயார் கிளீனர் மூக்கில் சுடு காற்று எடுக்கும் கதவு ஒன்றும் சில வண்டிகளில் உண்டு. யப்பானின் பனிக்காலத்துக்குச் செய்தது, சித்திரை வெயிலில் நமக்கு எதற்கு? கதவைக் குளிர் காற்றுப் பக்கம் நிறுத்தி, லைனை மனிபோல்ட் பக்கத்தில் அடைத்துவிடுங்கள். அடைக்காமல் கழற்றிவிட்டால் நீங்களே ஓட்டை போட்டவர் ஆவீர்கள்.

டீசல் லொறி என்றால்

டீசலில் காற்றை மறிக்கும் தட்டு பொதுவாக இல்லை, அதனால் மனிபோல்ட்டில் உறிஞ்சலும் இல்லை. பிரேக்குக்கு வேண்டிய வக்கியூமைத் தனிப் பம்ப் ஒன்று செய்கிறது. பல பழைய லொறிகளில் அது கரண்ட் செய்யும் ஓல்ட்டனேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும், எஞ்சின் ஒயில் மெல்லிய ஹோஸ் ஒன்றால் அதற்குப் போய்வரும். ஸ்லோவில் பெடல் கல்லாகவும் ரேஸ் பண்ணினால் மென்மையாகவும் இருந்தால், பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது பெல்ட் நழுவுகிறது. எக்ஸோஸ்ட் பிரேக்கும் வக்கியூமில் வேலை செய்யும் வண்டி என்றால் அந்த லைனில் உள்ள கசிவும் காற்பிரேக்கைப் பாதிக்கும். டீசலில் ஸ்லோ நிற்காததற்கு வக்கியூம் ஹோஸைக் குறை சொல்ல முடியாது, ஒரே ஒரு வகையைத் தவிர.

சில மிகப் பழைய டீசல்களில் காற்று வாயில் ஒரு தட்டும், அதிலிருந்து இன்ஜெக்ஷன் பம்பின் பின்பக்கத்துக்கு ஒரு ஹோஸும் இருக்கும். அந்த வக்கியூம்தான் டீசலைக் குறைக்கச் சொல்கிறது. ஹோஸ் கழன்றால் அல்லது கிழிந்தால் ஸ்பிரிங் முழு டீசலையும் தள்ளிவிடும், எஞ்சின் கதறிக்கொண்டு ஏறும். சாவி திருப்பினாலும் நிற்காமல் போகலாம். பம்பில் உள்ள நிறுத்தும் நெம்பை இழுங்கள். அது எட்டாவிட்டால் காற்று வாயைப் பலகையால் மூடுங்கள், கையால் மூட வேண்டாம். இந்த வகை லொறி வைத்திருப்பவர் அந்த ஹோஸை மட்டும் எதையும் பார்க்காமல் காலத்துக்குக் காலம் மாற்றிவிட வேண்டும்.

எந்த ஹோஸ் வாங்குவது

சின்ன லைன்கள் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர் உள் விட்டம். பழைய துண்டைக் கையில் கொண்டு கடைக்குப் போங்கள். பூஸ்டருக்கு வக்கியூம் பிரேக் ஹோஸ்தான் வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் போட்டால் சூட்டில் இளகி, உறிஞ்சலில் தட்டையாக ஒட்டிவிடும். வெளியே பார்க்க நல்லாகவே இருக்கும். அதுதான் அதன் கெட்ட குணம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சேலைன் ரியூப் எதற்கும் உதவும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. சூடான எஞ்சின் மேல் அது அரை நாளும் நிற்காது. பாவிக்காத நிப்பிள் ஒன்றைத் தற்காலிகமாக அடைக்கச் சைக்கிள் வால் ரியூப் துண்டில் முடிச்சுப் போட்டு மாட்டலாம், வீடு போய்ச்சேரும் மட்டும்.

பழைய ஹோஸை எறியமுன் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். சில லைன்களுக்குள் சின்ன ஊசித் துவாரம் உள்ள பித்தளைத் துண்டு இருக்கும், அதைப் புது ஹோஸுக்கு மாற்ற வேண்டும். எலி கடித்த அடையாளம் இருந்தால் சீற்றுக்குக் கீழே சாக்குத் துணி அடைத்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். சூடும் சாக்கும் இருந்தால் எலிக்கு வேறு வீடு எதற்கு?

உரும்பிராய் அண்ணையின் லொறிக்குப் புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டு ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் ஓவென்று கத்தியது. அவர் பதறிப்போனார். ஓட்டையைச் சமாளிக்க முன்பு பார்த்தவர்கள் ஸ்லோ ஸ்குரூவைத் திருகித் திருகி ஏற்றி வைத்திருந்தார்கள். ஓட்டை அடைபட்டதும் ஏற்றினது அப்படியே நின்றது. இரண்டரைச் சுற்றுத் திரும்ப இறக்கி, கலவை ஸ்குரூவையும் மெல்லச் சரிசெய்தபின்தான் ஸ்லோ நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கிட்ட அமர்ந்தது. நீங்களும் ஹோஸ் மாற்றியபின் அந்த இரண்டு ஸ்குரூவையும் பாருங்கள்.

பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு அண்ணை கிளம்பினார். போகும்போது வெடித்த ஹோஸ் துண்டைக் கேட்டு வாங்கி, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். காபரேட்டர் கிட் போட்ட இடத்தில் காட்ட வேண்டுமாம்.